யாருக்கும் விழாத ஜாக்பாட்

1. கதவைத் திறக்கும் பயம்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு கசினோவில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். காசு போட்டு விளையாடும் ஸ்லாட் மெஷின்களை இங்கே போக்கி என்பார்கள். அவற்றின் பிரின்டர், ரீல் மோட்டார், பட்டன், டிஸ்ப்ளே எல்லாம் என் பொறுப்பு. எந்த மெஷினைக் கழற்றவும் நான் தயங்கியதில்லை, ஒன்றைத் தவிர.

அது தூணை ஒட்டி நின்ற பழைய மூன்று ரீல் மெஷின். புரோகிரசிவ் வகை. போடுகிற ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு துளி மெஷினின் தலைக்கு மேல் இருக்கும் சிவப்பு எண்ணில் போய்ச் சேரும். யாருக்காவது ஜாக்பாட் விழுந்தால் எண் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். இந்த மெஷினில் அது விழவே இல்லை. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தது.

உதிரி பாகம் கிடைக்காததால் அந்த மாதக் கடைசியில் மெஷினை எடுத்துவிடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். சேர்ந்த தொகை வேறொரு மெஷினுக்கு மாற்றப்படும் என்று அதே நோட்டீஸில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. 'எடுப்பதற்கு முன் விழுந்தே ஆக வேண்டும்' என்ற பேச்சு மட்டும் பரவிவிட்டது.

அன்றிலிருந்து தளத்தின் காற்றே மாறியது. நாற்காலிக்குச் சண்டை. பாத்ரூம் போனால் இடம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. ஒருநாள் நான் கதவைத் திறந்து பேப்பர் ரோல் மாற்றியபோது, பின்னாலிருந்து ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "விழப்போற நேரத்துல ரீசெட் பண்ணிட்டியா?" என்று கத்தினார். செக்யூரிட்டி வந்து விலக்கினார்கள். அந்த ஆள் வெளியே நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

எங்கள் ஃப்ளோர் மேனேஜர் சீலா, பசிபிக் தீவான சமோவாவைச் சேர்ந்த பெண்மணி. மறுநாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சேகர், அந்த மெஷின்ல ஆள் விளையாடிட்டு இருக்கும்போது, போட்ட காசு கிரெடிட்டா உள்ள இருக்கும்போது, என்னைக் கேக்காம கதவைத் தொடாத. தப்பாப் போச்சுன்னா கசினோவுல வேலை பாக்குற உன் லைசென்ஸ் போயிடும். என்னால காப்பாத்த முடியாது."

2. ரஜீவன்

பிப்ரவரி, இங்கே கோடைக்காலம். வெயில் கொளுத்திய ஒரு பிற்பகல். அந்த மெஷினில், மீதிக் காசுக்குச் சீட்டு அச்சடிக்கும் டிக்கெட் பிரின்டர் மக்கர் செய்வதாக அழைப்பு வந்தது. போனேன். நாற்காலியில் இருந்தது ரஜீவன். யாழ்ப்பாணத்துக்காரர், விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் இரண்டு மூன்று தடவை மனைவியோடு பார்த்துப் பேசியிருக்கிறேன். அமைதியான மனிதர். அன்றைக்கு அவர் முகத்தில் அந்த அமைதி இல்லை. கழுத்தெல்லாம் வியர்வை. உள்ளே ஏசி குளிர் நடுக்கும்.

என் கையில் சாவியைப் பார்த்ததும் மெஷினை மறைத்தபடி சாய்ந்துகொண்டார். "அண்ணை, கதவைத் திறக்காதேங்கோ. இப்ப விழப்போகுது. எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்லைங்க. ஒவ்வொரு சுத்தும் தனித்தனி. இத்தனை நாள் விழலைங்கிறது இந்த மெஷினுக்கே தெரியாது."

அவர் காதில் அது ஏறவில்லை. அப்போது போன் அடித்தது. ரஜீவன் ஒரு கையால் பட்டனை அழுத்தியபடியே எடுத்தார். மறுமுனையில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஓம், சொல்லும். இல்லை, அப்பாவை இன்னும் கூப்பிடேல்லை. வெயிட்டிங் ரூமிலதான் இருக்கிறம். டொக்டர் லேட். ஓம், பக்கத்திலதான் இருக்கிறார்."

பக்கத்தில் யாரும் இல்லை. சுற்றியிருந்தவர்களில் அந்தப் பேச்சு புரிந்தது எனக்கு மட்டும்தான். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று சந்தையில் அவர் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது.

"ரஜீவன், அப்பா எங்க?"

"காருக்குள்ள. நித்திரை கொள்ளுறார். ஏசி போட்டிட்டுத்தான் வந்தனான்."

"எப்ப வந்தீங்க?"

கண்ணை ரீலிலிருந்து எடுக்காமலே, "இப்ப ஒரு அஞ்சு நிமிசம்" என்றார். அவருக்கு முன்னால் இருந்த காபிக் கோப்பை காய்ந்து அடியில் கறை பிடித்திருந்தது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதே இதே சட்டையை இந்த நாற்காலியில் பார்த்தது உறைத்தது.

"எழுந்திருங்க. போய்ப் பார்ப்போம். நீங்க வர்ற வரைக்கும் மெஷினை லாக் பண்ணி வைக்கிறேன். யாரும் உட்கார முடியாது."

"இன்னும் கொஞ்சம் கிரெடிட் கிடக்கு. முடிச்சிட்டு வாறன்."

"கார் சாவியையாவது குடுங்க, நான் போறேன்."

அவர் தரவில்லை. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

எனக்கு லைசென்ஸ் நினைவுக்கு வந்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பிய ஆள் நினைவுக்கு வந்தார். சீலா தளத்தின் மறுகோடியில் இருந்தார். கூப்பிட்டு, விளக்கி, அனுமதி வாங்க நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மெஷினில் சாவியைப் போட்டுத் திருப்பிக் கதவைத் திறந்தேன்.

அலாரம் அலறியது. ரீல்கள் நின்றன. ரஜீவன் பாய்ந்து என் சட்டைக் காலரைப் பிடித்து மெஷினோடு சேர்த்து அழுத்தினார். "என்ன செய்தனீ! என்ன செய்தனீ!" என்று கத்தினார். மூச்சு முட்டியது. அவர் கண்ணில் நான் யாரோ ஒரு விரோதி. ஓடி வந்த சீலாவிடம் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்தான் சொன்னேன்: இவருடைய அப்பா, நடக்க முடியாதவர், காருக்குள் இருக்கிறார்.

சீலா கத்தவில்லை. ரஜீவனின் மணிக்கட்டைப் பிடித்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, "கார் எங்க நிக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவரை உலுக்கியது. கை தளர்ந்தது. "ரோட்டில," என்றார். "கார் பார்க்கில இல்லை. வெளியில, ரோட்டில விட்டிட்டு வந்தனான்." சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறியது.

3. தெரு

அந்தக் கசினோவைச் சுற்றி எல்லாம் சரிவான தெருக்கள். எந்தத் தெரு என்று ரஜீவனுக்கு மறந்துவிட்டது. ஒரு சரிவில் ஓடி இறங்கினோம், இல்லை. திரும்பி ஏறினோம். சீலா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபடி ஓடி வந்தார். ரஜீவன் நடுத்தெருவில் நின்று, "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டார். பேச முடியாத ஒரு மனிதரை, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவரை, அப்படிக் கூப்பிட்டார்.

அடுத்த சரிவில் கார் நின்றது. காலையில் நிழலாக இருந்திருக்க வேண்டிய இடம். இப்போது வெயில் நேராக அடித்தது. இன்ஜின் ஓடவில்லை. ஓட்டுநர் இறங்கிப்போனால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும் வகைக் கார் அது.

பின் சீட்டில் தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தார் அப்பா. கண்ணாடியின் உட்புறம் முழுக்க விரல் தடங்கள். இடது கையால், வேலை செய்த அந்த ஒரே கையால், தட்டியும் தடவியும் பார்த்திருக்கிறார்.

கதவைத் திறந்ததும் சூளைக் கதவைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. ரஜீவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சீலாவும் பெரியவரைத் தூக்கிச் சுவர் நிழலில் கிடத்தினோம். தோல் காய்ந்து கொதித்தது. சீலா தன் யூனிஃபார்ம் கோட்டைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து அவர் கழுத்திலும் மார்பிலும் போட்டார். மூச்சு இருந்தது. ரொம்ப மெல்ல, விட்டுவிட்டு. அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துப் பார்த்து நானும் என் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போகும் வரை அவர் கண் திறக்கவில்லை.

4. அதற்குப் பிறகு

பெரியவர் பிழைத்துக்கொண்டார். சில நாள் எதுவும் நிச்சயமில்லாமல் இருந்து, பிறகு மெல்லத் தேறினார். விஷயம் போலீஸ் வரை போனது. ரஜீவன் தானாகவே எழுதிக் கொடுத்துக் கசினோவுக்குள் வராதபடி தடை வாங்கிக்கொண்டார்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். "நான் அங்க இருந்திருந்தா நானே திறந்திருப்பேன்," என்றார் சீலா. அதோடு விட்டுவிட்டார்கள். மெஷினைச் சொன்னபடி அகற்றினோம். தொகை வேறொன்றுக்குப் போனது. அடுத்த நாளே அதன் முன்னால் கூட்டம்.

பெரியவரைப் பார்க்க ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரஜீவனின் மனைவி என்னைத் தனியே வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. அவர் தானா எழும்பினவரோ, இல்லாட்டி நீங்கள் எழுப்பினனீங்களோ?"

என்ன சொன்னால் அந்தக் குடும்பம் நிற்கும், எதைச் சொன்னால் உடையும் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "நான்தாம்மா மெஷின் கதவைத் திறந்து நிறுத்தினேன்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாமனாருக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போனார்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரீலும் பிரின்டரும் பழகப் பழக வந்துவிடும். நெடுநேரமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், வெளியே அவருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவராக எழுந்திருப்பார் என்று மட்டும் நிற்காதீர்கள்.