தாய்வீடு இல்லாத வளைகாப்பு

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். எனக்கு முதல் பாதி மட்டும்தான் நடந்தது. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். நானோ கடல் தாண்டி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அக்கம்பக்கத்துப் பெண்களே கூடி என் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், புளிசாதம் சாப்பிட்டார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் போக வேண்டிய தூரம் கூடத்திலிருந்து அடுக்களை வரைதான்.

அழுகை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சோறு இறங்கவில்லை, தலை வாரப் பிடிக்கவில்லை. பிள்ளை உதைத்தால் சந்தோஷம் வருமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கணவர் ரயில்வே பட்டறையில் வேலை. நல்ல மனுஷர்தான், ஊருக்கு அனுப்பச் சொன்னால் மட்டும் காது மந்தமாகிவிடும். "அடுத்த கப்பலுக்குப் பாக்கலாம்" என்பார். பார்த்துப் பார்த்தே மாதம் ஏறிவிட்டது. பிறகு அவரே, இந்த வயிற்றோடு கடல் தாண்டக் கூடாது என்றார். ஆத்திரத்தில் எனக்குப் பேச்சு நின்றுபோனது. காத்துக்கருப்பு என்று விபூதி மந்திரித்துக் கொண்டுவந்தார்.

வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அக்காவுக்குக் காதே போதும். வளையல் சத்தம் நின்றால், "என்ன புள்ள பண்றே?" என்று சுவரைத் தட்டுவாள். மாட்டுக்கு மணி கட்டியதுபோல இருந்தது எனக்கு.

பிரசவம் வரை வளையலைக் கழற்றக் கூடாது. ஒரு நாள் காலை அவர் போனதும், சோப்பைத் தடவி எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். துறைமுகத்து ரயிலில் ஏறினால் கப்பல், கப்பலில் ஏறினால் அம்மா. அவ்வளவுதான் என் யோசனை. டிக்கெட்டுக்குக் கையில் ஒன்றுமில்லை என்பது பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ரயில் வந்தது, போனது. மூச்சு வாங்க அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்கதான் இருப்பேன்னு எப்படிக்கா தெரிஞ்சது?"

"மூத்தவன் வயித்துல இருக்கறப்ப நானும் இங்கதான் வந்து உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒல வைக்கணுமே. திரும்பிப் போயிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

அவளுடைய மூத்தவன் அப்போது மீசை முளைத்த பையன். அத்தனை வருஷமும் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்கு என்னைவிட அவளை நினைத்துத்தான் அழுகை வந்தது. பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

கை வீங்கியிருந்ததால் வளையலைக் கழற்றியதைவிட மறுபடி போடும்போதுதான் வலித்தது. இரண்டு உடைந்தன. அவர் கண்ணில் படாமல் துண்டுகளை அக்கா முந்தானையில் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகும் சுவரைத் தட்டினாள். ஆனால் என்ன பண்றே என்று கேட்கவில்லை.

"அழுறியா?"

"ஆமாக்கா."

"அழு. நான் இங்கதான் இருக்கேன்."

இருந்தாள். அவள் மட்டும் எங்கே போவாள்?