சியாட்டிலிலிருந்து மயாமி வரை

ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையம், முற்பகல். டுசல்டோர்ஃப் வண்டிக்குக் காத்திருக்கிறேன். என் கைப்பேசியில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பெண்மணி கேட்கிறார்:

"தம்பி, சியாட்டிலில இருந்து மயாமி எவ்வளவு தூரம்? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். சீருடைக்கு மேல் கறுப்புக் கோட்டு. மகன்கள் இருவரும் அமெரிக்காவில். மயாமியிலிருந்த இளையவன் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டான். சியாட்டிலிலிருந்து மூத்தவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது.

"தம்பியைப் பாத்துக்கொள் எண்டு மூத்தவனிட்டைச் சொல்லித்தான் சின்னவனை அனுப்பினனான். ஒரே நாடுதானே? இங்கை எண்டால் காலமை காரை எடுத்தா மத்தியானம் பெர்லினில நிக்கலாம். செத்தவீட்டுக்குப் பிறகு நான் மூத்தவனோடை கதைக்கேல்லை. நேற்று வேலையில ஒரு பிள்ளை, அது சரியான தூரம் அக்கா, காரில உடனே போகேலாது எண்டு சொல்லுது."

வரைபடத்தைக் காட்டுகிறேன். ஊர்கள் அந்த நாட்டின் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. கிலோமீட்டர் கணக்கு அவருக்கு எதையும் சொல்லாது என்று தோன்றுகிறது. "நீங்க ஊருக்குப் போறப்ப துபாய்ல ஃப்ளைட் மாறுவீங்கல்ல? கிட்டத்தட்ட இங்கேருந்து துபாய்க்கு இருக்கிற அவ்வளவு தூரம் அக்கா."

"துபாயோ?"

திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டி வந்து நிற்கிறது, அவர் எழவில்லை.

"சியாட்டிலில இப்ப என்ன நேரம், தம்பி?"

"நடுராத்திரி தாண்டிடுச்சு. தூங்கிட்டிருப்பார்."

"இல்லை. அவன் நித்திரை கொள்ளமாட்டான்."

நான் ஏறிக்கொள்கிறேன். கதவுக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்; அவர் தன் கைப்பேசியை எடுத்து அழைக்கிறார். மறுமுனையில் மூத்தவன் உடனே எடுத்துவிட்டான் போலிருக்கிறது. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுகிறார்.