எண்ணெய்ப் படலம்

பி.எஸ்சி. இயற்பியல் படித்த வடக்குப்பட்டு கங்கா, 1991-இல் ஒரகடம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தாள். கடலுக்கடியிலிருந்து மழையின் இரைச்சலைக் கேட்டு, எவ்வளவு பெய்கிறது என்று சொல்லும் மைக்கை அங்கே செய்தார்கள். அதை ஏரியில் இறக்கிச் சோதிப்பது அவள் அண்ணன் ரகுவின் வேலை.

ஒருநாள் நல்ல மழையிலும் மைக் ஊமையாகக் கிடந்தது. "குடிச்சிட்டு வந்து ஒடச்சிட்டான்" என்று முதலாளி கோதண்டத்திடம் சொல்லிவிட்டார் இன்ஜினியர் நாகப்பன். ரகு குடிக்கிறவனே இல்லை. அன்றே வேலை போயிற்று. நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டாரும் குடிகாரன் வேண்டாமென்று விலகிக்கொண்டார்கள்.

கங்கா அந்த மைக்கைத் தொட்டியில் போட்டுப் பார்த்தாள். பழுதே இல்லை. நாகப்பன் அன்று ஏரிக்கரையில் டீசல் பம்பைக் கழுவ வைத்தது நினைவுக்கு வந்தது. தொட்டியில் ஒரு சொட்டு டீசல் விட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளித்தாள். ஸ்பீக்கரில் இரைச்சல் அடங்கிப்போனது. துளி விழும்போது நீருக்குள் உண்டாகும் குமிழிகள்தான் ஒலிக்கின்றன. மேலே படலம் இருந்தால் குமிழி சரியாக உண்டாவதில்லை.

நாகப்பனிடம் போய்ச் சொன்னாள்.

"எனக்கும் தெரியும்மா. வாய மூடிக்கினு வேலையப் பாரு."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள்.

மைக் வாங்க வந்தவர்கள் கோதண்டத்தோடு தொட்டியைச் சுற்றி நின்ற நாளில், கங்கா எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு, விரல்களைத் தண்ணீரில் நனைத்தாள். பூவாளி சாய்ந்தது. ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை.

நாகப்பன் குனிந்து பார்த்தார். "மைக் நல்லாத்தான் இருக்கு சார். மேல எண்ணெ படிஞ்சிருக்கு, அதான் சத்தம் வர்ல."

"ஏரியிலயும் டீசல் படிஞ்சிருந்துச்சே சார்? அப்போ எங்கண்ணன் இன்னாத்த ஒடச்சுது?"

கோதண்டம் திரும்பினார். "சொல்லுய்யா."

"அவன் மேல தப்பில்ல சார்."

மறுநாள் ரகுவை அழைத்துவர நாகப்பனையே அனுப்பினார் கோதண்டம். வீட்டு வாசலுக்கு வந்த நாகப்பனைக் கங்கா உள்ளே வரச் சொல்லவில்லை.

"தெருவுலயே நின்னு சொல்லுங்க. நாலு பேரு கேக்கட்டும்."

ரகு குடிக்கவுமில்லை, உடைக்கவுமில்லை என்று சொன்னார். அக்கம்பக்கத்தார் கேட்டார்கள்.

"நான் வர்ல சார்" என்றான் ரகு. அவர் தலை மறைந்ததும், "போதும் கங்கா, வுட்டுடு" என்றான்.

"எனக்கு இன்னும் ஆறல."

அவள் அந்தப் பட்டறையிலேயே பல வருடம் இருந்தாள், நாகப்பனுக்கு எதிர் மேசையில். வேலையைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.