கலையரங்கத்துக்கு ஒரு லாரிக் கதவு

கட்டி முடித்த பிறகும் கட்டடத்தை விட்டு ஓட முடியாத ஒரே பிறவி சைட் இஞ்சினியர்தான். சாவியை ஒருவர் வாங்கிக்கொள்வார், ஆர்க்கிடெக்ட் போட்டோ எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவார். ஒழுகினாலும் மணி அடித்தாலும் போன் மட்டும் நமக்குத்தான் வரும். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, அரியலூரில் நான் நின்று கட்டிய கலையரங்கத்தின் கதையைச் சொல்கிறேன். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பூசாத சுவர்

எங்கள் அரங்கத்தின் சுவருக்குப் பூச்சு கிடையாது. அச்சுப் பலகையின் வரிகள் தெரிய கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் டிசைன். உள்ளே பக்கச் சுவர்கள் மடிந்து மடிந்து போகும். மைக் இல்லாமலே கடைசி நாற்காலிவரை சத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஆர்க்கிடெக்ட் அப்படி வரைந்திருந்தார். நடுவில் தூணே இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் சிமென்ட் லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கி வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஊரைச் சுத்தி சிமென்ட் பேக்டரிங்க. உங்களுக்குப் பூசறதுக்கு ஒரு மூட்டை கிடைக்கலியாம்மா?"

அலறிய மணி

திறப்பு விழாவில் முதல் நிகழ்ச்சி பறையாட்டம். செந்துறைப் பக்கத்துச் செல்வியின் குழு. செல்வி தையல் கடை வைத்திருக்கிறாள். என் வயசுதான், வாயும் என்னை மாதிரியேதான். ஒத்திகைக்குப் பறைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மழைக்காலம், தோல் நமுத்துப் போயிருந்தது. நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துச் சத்தம் எழும். எங்கே போனாலும் செய்கிற மாதிரியே வைக்கோலை அள்ளிப்போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்திய இடம், மேடையை ஒட்டிய ஒப்பனை அறை!

கூரையிலிருந்த புகை சென்சார் விழித்துக்கொண்டது. கட்டடமே அலறியது. யூசுப் பாய் செருப்பு கழல ஓடிவந்து நிறுத்தினார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பெரிய பெரிய அரங்கங்களில் ஏசியும் தீ எச்சரிக்கை மணியும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்; எங்கள் அரங்கத்திலும் அவருக்கு அதே பொறுப்புதான். விழா அன்று கொஞ்ச நேரம் மட்டும் அந்த சென்சாரை நிறுத்தி வைக்கலாமா என்று கெஞ்சினேன். மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வல்லாஹி, சத்தியமா முடியாதும்மா. உள்ள அம்புட்டு சனத்தை உட்கார வச்சு, அதை அமத்திட்டு, நான் வூட்ல போயி சோறு திங்க முடியுமா?"

வாசலோடு சரி

சேதி விழாப் பொறுப்பிலிருந்த அதிகாரியின் காதுக்குப் போனது. அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்; அதுதான் எனக்கு எரிச்சல். பறைக்குழு வெளியே கேட்டில் நின்று விருந்தினரை வரவேற்கட்டும், உள்ளே பரதநாட்டியத்தோடு ஆரம்பித்துக்கொள்வோம் என்றார். இல்லையென்றால் பிளாஸ்டிக் தோல் போட்ட பறை எடுத்து வரட்டும், அதற்குத்தான் நெருப்பே வேண்டாமே என்றார். இதைச் செல்வியிடம் சொல்லும் பாக்கியம் எனக்கு!

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் அப்பா ஆயுசெல்லாம் பறையடித்தவர். கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட விழாவோ, எங்கேயும் வாசலோடு சரி. இந்தத் தடவை உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து மகள் அடிப்பதைக் கேட்க வருகிறார், பிளாஸ்டிக் சத்தத்தைக் கேட்க அல்ல. அவருக்குப் புதுச்சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பறையை உறைக்குள் போட்டாள். "வாசல்ல அடிக்கிறதுக்குக் கட்டடம் எதுக்குங்க? வாசல் எங்ககிட்ட ஏற்கெனவே நெறைய இருக்கு."

பின்பக்கம்

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அரங்கத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். மேடையின் பின்சுவரில் பெரிய இரும்பு ஷட்டர் ஒன்று உண்டு, நாடக செட்டுகளை லாரியிலிருந்து நேராக மேடையில் இறக்குவதற்கு. லாரி நனையாமலிருக்க வெளியே கான்கிரீட் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். அட, இதை ஏன் யோசிக்கவில்லை! அந்தக் கூரைக்கடியில் நெருப்பு மூட்டி, ஷட்டரைத் திறந்து வைத்தால், காய்ச்சிய சூட்டோடு அப்படியே மேடையேறிவிடலாம்.

யூசுப் பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஏசி காற்று உள்ளேயிருந்து வெளியே தள்ளும், அதனால் புகை வராது. ஆனால் குளிர்ச்சியும் கூடவே போய்விடும் என்றார். மணல் வாளிகளை அவரே தூக்கி வந்து வரிசையாக வைத்தார். "மணி அடித்தால் என்னை வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று அதிகாரியிடம் வீராப்பாகச் சொன்னேன். அவர் கவலை வேறாக இருந்தது. "அதெல்லாம் சரிங்க. சீப் கெஸ்ட்டுக்கு வேர்த்து ஊத்துனா யாரு பதில் சொல்றது?"

முதல் அடி

அதிகாரி அரைமனசாகத் தலையாட்டினார், ஷட்டரைக் காட்டியதும் செல்வியும் வரச் சம்மதித்தாள். விழா அன்று சரியான மழை. ஷட்டருக்கு வெளியே நெருப்பு எரிந்தது. செல்வியின் குழு பறைகளை அதில் சுற்றிச் சுற்றிக் காட்டியது. இவர்கள் மேடையேறப் போகும் நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. ஒரு கற்றைப் புகை உள்ளே நுழைந்து கூரையைப் பார்த்து ஏறியது. நான் மேடை ஓரத்தில் நின்று மேலேயிருந்த சென்சாரையே பார்த்தேன். அது அலறினால் கூட்டம் எழுந்து ஓடும், செல்வி கேட்டுக்குப் போவாள், நான் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் குரும்பலூருக்குப் போவேன். பாய் ஏசியை முழுசாகத் திறந்துவிட்டார். புகை தயங்கியது, கலைந்தது, வந்த வழியே போனது. முதல் அடி விழுந்தது. என் நெஞ்சுக்குள்ளேயே விழுந்த மாதிரி இருந்தது.

எல்லாருக்கும் வேர்த்தது. சீப் கெஸ்ட் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார், கால் மட்டும் தாளம் போட்டது. செல்வியின் அப்பா மேடையைப் பார்க்கவே இல்லை. பக்கச் சுவரைப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். தூண் இல்லையே என்று பயப்படுகிறார் போல என நினைத்து, பக்கத்தில் போய்க் குனிந்து தைரியம் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்தார். கண் கலங்கியிருந்தது. "வெளியில அடிச்சா சத்தம் போயிடும்மா, திரும்பி வராது. இங்க என் புள்ள அடிக்கிறது என்கிட்டயே திரும்பி வருது."

முன்வாசலுக்கு நான் பார்த்துப் பார்த்துப் பதித்த கிரானைட் எல்லாம் மழையில் சும்மா கிடக்க, இந்த அரங்கத்துக்கு உருப்படியான வாசல் என்று வாய்த்தது அந்த லாரிக் கதவுதான்.