மாடசாமி அண்ணாச்சி விட்ட இடைவேளை

மாடசாமி அண்ணாச்சி இறந்துவிட்டார்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்கு... எங்கள் ஊர் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அந்த தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம்.

வீட்டில் நான் மட்டும் என்று ஆன பிறகு சனிக்கிழமை மேட்னி ஷோ எனக்கு வழக்கமாயிற்று. குற்றால சீசனில் பாதி தியேட்டர் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்கும். மற்ற நாட்களில் நானும் ஒரு பத்துப் பேரும்.

"சார் வந்தாச்சா? அப்பம் படத்தப் போட்டுரலாம்" என்பார். நான் வராவிட்டாலும் போட்டிருப்பார். ஆனாலும் அந்த வாரத்தில் என்னை எதிர்பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. எங்கே நிறுத்துவது என்று ஆபரேட்டர்தான் முடிவு செய்யவேண்டும். அதற்காகவே அண்ணாச்சி ஒரு தடவை தனியாகப் படத்தைப் பார்ப்பார்.

பதினோரு வருஷம் முன்னால் ஒரு படம். முதல் ரத்தக்காட்டேரி எப்படி உண்டானான் என்ற கதை. முற்றுகையில் சிக்கிய மலைக்கோட்டை... ஜனங்களைக் காப்பாற்ற வழியில்லாத அரசன், சாகாமல் கிடக்கும் ஒரு துறவியைத் தேடி நிலவறைக்குள் இறங்குகிறான். துறவி தன் ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்துக் கொடுக்கிறான். அரசன் அதை உதட்டருகே கொண்டுபோகிறான்.

விளக்கு எரிந்தது. இடைவேளை.

"குடிச்ச பிறகு விட்டிருக்கலாமே?" என்று டீ குடிக்கும்போது கேட்டேன்.

"குடிச்சிட்டாம்னா சனம் டீய முடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரும் சார்."

நான் அதோடு விட்டிருக்கலாம். சரித்திர வாத்தியார் ஆயிற்றே... பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதையில் பீரங்கி எப்படி வந்தது, எல்லாம் புளுகு என்று ஆரம்பித்தேன்.

"ரத்தம் குடிக்கவன நம்புதிய, பீரங்கிய நம்ப மாட்டேங்கிய. என்ன சார் நீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் என் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இருவர். இருவரும் இந்த நட்புப் பட்டியலில் இன்னமும் இருக்கிறார்கள். லைக் போட வேண்டாம்.

டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் அந்த தியேட்டருக்குள் நான் போகவில்லை.

நான்கு வருஷம் கழித்து மார்க்கெட்டில் எதிரே வந்தார். "சார், அன்னைக்குப் பாதியில போயிட்டிய. படப் பெட்டி இன்னும் எங்கிட்டத்தான் கெடக்கு. மிச்சத்த ஒரு நாள் காலைல வாங்க, உங்க ஒருத்தருக்காவப் போடுதேன்."

"அதையெல்லாம் டிவியில் பார்த்தாச்சு."

"முடிவு எப்படி சார் இருந்திச்சு?"

"சுமார்தான்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் எந்த டிவியிலும் பார்க்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். வாடகை நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"படம் பார்க்க வருவேன்."

"பாதியில எந்திரிச்சுப் போன வாத்தியாரா?"

தலையாட்டினேன்.

"அவுக சொல்லுவாவ... வாத்தியாரு டிவில பாத்துட்டேன்னு சொல்லுதாரு, அவரு எங்க பாத்தாருன்னு. நீங்க வந்தாப் போடணும்னு தியேட்டர மூடுத வரைக்கும் சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ."

அண்ணாச்சி, அந்தக் கிண்ணம் இன்னும் அவன் உதட்டருகே அப்படியேதான் இருக்கிறது.

போய்ட்டு வாங்க.