லீக் என்று சொன்ன பிறகு

எங்கள் படுக்கையறையில், அலுமாரிக்குப் பின்னால், சுவர் நனைந்திருந்தது. மழை நாட்களில் தொடங்கியது, மழை விட்ட பிறகும் காயவில்லை. ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். கோட்டைத் தாண்டிப் போனது. மறுபடியும் கோடிட்டேன், அதையும் தாண்டியது. அலுமாரியின் பின்பலகையில் பூஞ்சணம் பிடித்தது.

என் கணவருக்கு முட்டு, ஆஸ்துமா. துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். அந்த அறையில் படுத்தால் மூச்சு இழுத்தது. அதனால் முன் விறாந்தையில், தெருவில் ஓட்டோக்கள் போகும் சத்தத்துக்குள் பாய் போட்டுக்கொண்டார். அவர் அறைக்குத் திரும்பிப்போய் நிம்மதியாகத் தூங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மேல்மாடியில் என் தங்கை குடும்பமாக இருக்கிறாள். கீழ் வீடு எனக்கும், பிறகு கட்டிய மேல் வீடு அவளுக்கும் சீதனமாகக் கிடைத்தவை. நனைந்த சுவருக்கு நேர் மேலே அவளுடைய குளியலறை.

அந்த ஈரத்தை நாங்கள் இருவரும் ஊறல் என்றே சொல்லிவந்தோம். ஊறல் என்றால் மழையால் வருவது, பழைய சுவரால் வருவது. அதற்கு ஒருவரையும் பிடித்துக் கேட்க முடியாது. லீக் அப்படியில்லை. இங்கே காஸ் சிலிண்டர் லீக், வள்ளத்து எஞ்சினில் ஒயில் லீக், பரீட்சைப் பேப்பரும் லீக். எதற்குச் சொன்னாலும் உடனே ஒரு கேள்வி பின்னால் வரும். கணவரின் வேலைத்தலத்தில் ஒருவர் லீக் என்றால், மற்றவர்கள் “எங்க, எங்க?” என்று கேட்டபடி ஓடுவார்களாம். வீட்டில் “ஆருடையது?” என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பயந்தே நான் அந்தச் சொல்லைத் தவிர்த்துவந்தேன்.

ஒரு நாள் நண்பகலில் கணவர் தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டு நேரே மேலே போனேன்.

“உன்ர பாத்ரூம் லீக் போல கிடக்கு.”

தங்கை துணி உதறுவதை நிறுத்தவில்லை. “லீக்கோ? இப்பதானே சுவர் முழுக்க டைல்ஸ் அடிச்சனாங்கள். ஆர் சொன்னது?”

“நானே பாத்தனான்.”

“நீங்கள் பாப்பியள்தான். சுவருக்கே மார்க் போடுற ஆள்.”

கிண்ணியாவிலிருந்து குழாய் வேலை செய்யும் ஒரு பைப் பாஸை வரவழைத்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். “துணிக்குப் போடுற நீலத்தைக் கரைச்சு மேல ஊத்துங்க அக்கா. கீழ நீலம் வந்தா கதை முடிஞ்சுது.”

தங்கை மறுக்கவில்லை. “ஊத்துங்கோ, நல்லா ஊத்துங்கோ. என்ர டைல்ஸ் நீலமானா நீங்கள்தான் தேய்க்கோணும்.”

குளியலறைத் தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, நீலத்தைக் கரைத்து ஊற்றி, காத்திருந்தோம். கீழே நீலம் வரவில்லை. சுவர் எப்போதும்போல வெறும் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. டைல்ஸ் இடுக்குகளை நான் முழங்காலிட்டு பிரஷால் தேய்த்தேன்.

“அந்த மூலையையும் தேயுங்கோ அக்கா,” என்றாள் வாசலில் நின்ற தங்கை.

பாஸ் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறி, எங்கள் வீட்டுக்கு இறங்கும் பைப்பின் வால்வைப் பூட்டிவிட்டு, சில நாட்களுக்குத் திறக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். ஈரம் என் பென்சில் கோட்டுக்குள் ஒடுங்கத் தொடங்கியது. திரும்பி வந்தவர் தயங்காமல் சொன்னார்: “லீக் உங்கடதான் அக்கா. உங்கட பைப் அவங்கட பாத்ரூம் சுவருக்குள்ளால இறங்குது. டைல்ஸ் உடைச்சாத்தான் கை வைக்கலாம்.” வெளியால் இறக்க இடமில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் சுவரோடு ஒட்டி நிற்கிறது. முன்பக்கத்தால் கொண்டுவருவதென்றாலும் தங்கையின் வீட்டைத்தான் துளைக்க வேண்டும்.

மறுபடியும் மேலே போனேன்.

“அப்ப லீக் ஆருடையது?” என்று கேட்டாள்.

“என்ர.”

“டைல்ஸ்?”

“உன்ர. நாலைஞ்சுதான் உடைக்கவேணும். அதே மாதிரி வாங்கித் தாறன்.”

“அந்த நிறம் இப்ப கடையில இல்லை. வேற நிறத்தில ஒட்டி அசிங்கப்படுத்த ஏலாது அக்கா. சின்ன ஊறல்தானே, விடுங்கோ.”

அவள் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பதித்தபோது மிஞ்சிய ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில் நகரத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். நீல விளிம்பு, பச்சை விளிம்பு, விளிம்பே இல்லாதது எல்லாம் காட்டினார்கள். அந்த நிறம் உண்மையிலேயே இல்லை. அவள் மீது கோபப்படவும் வழியில்லாமல் வீடு வந்தேன்.

வால்வ் பூட்டியபடியே இருக்கிறது. சுவர் காய்ந்தது. பூஞ்சணத்தைச் சுரண்டி, வெள்ளை அடித்து, அலுமாரியைத் துடைத்து வைத்தேன். கணவர் இப்போது அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு இழுக்காமல் தூங்குகிறார். குசினிக்கும் குளியலறைக்குமான தண்ணீரை, தெருப் பைப்பிலிருந்து நேரே வரும் முற்றத்துக் குழாயில் பிடித்து நான் சுமக்கிறேன். முட்டுக்காரரை வாளி தூக்கவிட முடியாது.

காலையில் நான் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் தங்கை மேலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

“அக்கா, லீக் நிண்டிட்டுதே?”

“ஓம், நிண்டிட்டுது,” என்று சொல்லிவிட்டு, நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு அடுத்ததைக் குழாய்க்குக் கீழே தள்ளுகிறேன்.