சபை வாசலில் கிடந்த செருப்புகள்

வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்து, வீட்டுக்குள் ஆள் சத்தம் இல்லையென்றால் நான் இன்றைக்கும் ஒவ்வொரு அறையாக ஓடித் தேடுவேன். நாற்பதைத் தாண்டியவள், செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், கடையில் வம்பு பேசுகிற ஆம்பளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு என்ன பயன்? அந்த நேரத்தில் எனக்கு ஒன்பது வயதுதான். அதுவும் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா போடுவது அதைத்தான்.

நைனா இறந்த வருஷம்தான் அம்மா கிறிஸ்தவச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். அதுவரை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். அரிசி மில்லில் கூட வேலை செய்த ஒருத்தி கூப்பிட்டாள், போனாள், அங்கேயே பிடித்துப்போய்விட்டது. அவளுக்கு அங்கே கிடைத்த ஆறுதலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறுதலோடு சேர்த்து வருகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆண்டவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், தம்முடையவர்களை அப்படியே மேலே எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் இங்கேயே கிடந்து நியாயத்தீர்ப்பைச் சந்திக்க வேண்டும். சோறு வடிக்கும்போதும் இதே பேச்சு, எனக்குத் தலை பின்னும்போதும் இதே பேச்சு. விடப்பட்டவர்கள் அன்றைக்குப் பாறைகளிடம் போய், எங்கள் மேல் விழுந்து மறைத்துவிடுங்கள் என்று கெஞ்சுவார்களாம். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வெறும் பேச்சு. செஞ்சிப் பிள்ளைக்கு? கதவைத் திறந்தால் ராஜகிரி மலை, திரும்பினால் கிருஷ்ணகிரி மலை. பார்க்கிற பக்கமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இதோ விழப்போகிறேன் என்று நிற்கிற பாறைகள். கோட்டை பார்க்க வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுப்பார்கள். எந்தப் பாறை எங்கள் தெருப் பக்கம் உருளும் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எம்மா, நான் வரலன்னா நீ என்ன வுட்டுட்டுப் போயிடுவியா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. அம்மா பொய் சொல்ல மாட்டாள். பொய் சொல்கிறவர்களுக்கு நெருப்புக் கடல் என்று நம்புகிறவள்.

"போய்த்தான் ஆவணும்டீ. அவரு கூப்ட்டா நிக்க முடியுமா? அதான் சொல்றேன், நீ சுத்தமா இரு."

ரிப்பனை இறுக்கி முடிந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த அமாவாசை சனிக்கிழமை வந்தது. மலையனூர் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். குங்குமம் ஒட்டிய பொரிகடலை. சாமிக்குப் படைத்ததைத் தின்னக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கதவுக்குப் பின்னால் நின்று தின்றேன். என்ன ருசி!

"இன்னாடீ வாயில?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். "சபையப் பெருக்கணும், நான் முன்னால போறேன். நீ தல சீவிக்கினு வந்து சேரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாயை மூன்று தடவை கொப்பளித்து, விரலில் ஒட்டிய குங்குமத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. எங்கள் சபை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். இரண்டு தெரு தள்ளியே பாட்டும் டிரம்ஸும் கேட்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. வாசலில் எல்லாருடைய செருப்பும் கிடந்தது. பாஸ்டருடைய கறுப்பு ஷூ, நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துகிற கைக்குழந்தைச் செருப்பு, ஓரமாக அந்த நீல வார். உள்ளே எட்டிப் பார்த்தேன். பாய் விரித்திருந்தது. பைபிள்கள் திறந்தபடி கிடந்தன. ஃபேன் சுற்றியது. ஆள் ஒருத்தரும் இல்லை.

வந்துவிட்டார். எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கைக்குழந்தைகூடப் போய்விட்டது, ஒரு பிடி பொரிக்காக நான் மட்டும் நின்றுவிட்டேன். அம்மா சொன்னபடியே போய்விட்டாள். மலைப் பக்கம் திரும்பப் பயந்துகொண்டு, அம்மாவின் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி அந்தச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பின்பக்கம் ஊரே அதிர்வதுபோல ஒரு கூச்சல் எழுந்தது. பாறை உருள்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். சபைக்குப் பின்னால் இருந்த காலி மனை புதுக் கட்டடம் கட்டக் கிடைக்க வேண்டும் என்று பாஸ்டர் அன்று எரிகோ ஜெபம் வைத்திருந்தார். எரிகோ என்ற ஊரின் மதிலை ஜனங்கள் வாய் திறக்காமல் சுற்றிவந்து, கடைசியில் ஒன்றாகக் கத்தியபோது அது இடிந்து விழுந்ததாம். அதேபோல எல்லாரும் வெறுங்காலோடு பின்கதவு வழியாகப் போய், ஒரு வார்த்தை பேசாமல் மனையை ஏழு தடவை சுற்றி, கடைசியில் கத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் என்னைப் பார்த்து விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பொரி தின்னேம்மா, பொய் சொல்லிட்டேம்மா" என்று கதறியவளை வாரி அணைத்துக்கொண்டாள். ஆனால் உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

வளர்ந்த பிறகு நான் சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவேன், உள்ளே வா என்று அவள் கூப்பிடுவதில்லை. இருதயம் பலவீனமாக இருக்கிறது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். வாசலில் நீல வார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஃபேன் சுற்றியது. "எம்மா" என்றேன். பதில் இல்லை. சமையலறையில் இல்லை, பாத்ரூமில் இல்லை. கண்டதையும் நினைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மழைக்கு முன்னால் கொடியில் இருந்த துணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வெறுங்காலோடு நின்றாள்.

"கூப்டுறது காதுல வுழல? எங்க போன நீ?" என்று கத்தினேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அதில் அவளுடைய செருப்பு இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

துணிகளை அப்படியே கீழே போட்டுவிட்டு அருகில் வந்தாள். மூச்சு வாங்கியது, ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"நான் போவலடீ. உன்ன வுட்டுட்டு எங்கியும் போவ மாட்டேன்."

எனக்குத் தெரிந்து, என் அம்மா சொன்ன ஒரே பொய் அதுதான். நான் குனிந்து செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டேன்.